மேல்காற்றுக்கு இன்னொரு பெயர்

எனக்குக் காற்று என்றாலே ஆகாது. வீட்டில் மின்விசிறியைக்கூட ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைக்க விடமாட்டேன். பிள்ளைகள் வேர்த்து வழிந்துகொண்டு முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். மழை வந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரசிக்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். விமான ஓடுதளத்தில் பாதி ஆயுளுக்குக் குப்பை கொட்டியவனிடம் போய் மழையின் அழகைப் பற்றிப் பேசினால் வேறென்ன வரும்?

பினாங்குத் தீவின் தெற்கே, கடலில் ஒரு முனையை வைத்துக்கொண்டு கிடக்கிறது அந்த ஓடுதளம். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குப் போனேன். அதற்கு முன்னால் சுங்கை பாக்காப் பக்கம் எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலை, காக்கி உடுப்பு, ஓட்டுவதற்கு மஞ்சள் ஜீப். எஸ்டேட்டில் எல்லாரும் என்னை விமானமே ஓட்டப் போகிறவனைப் போலப் பார்த்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

உண்மையில் என் வேலை தண்ணீர் பார்ப்பது. மழை விட்டதும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுதளத்தில் இறங்க வேண்டும். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, எவ்வளவு ஆழம் என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஜீப்பை விரட்டி, சடாரென்று பிரேக்கை மிதித்து, எத்தனை தூரம் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். குட், மீடியம், பூவர். இந்த மூன்றில் ஒரு வார்த்தையை ரேடியோவில் டவருக்குச் சொல்லிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. டவர் அதை விமானிக்குச் சொல்லும். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த மனிதன், எஸ்டேட்டில் லாரி ஓட்டியவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் சக்கரத்தைத் தரையில் வைப்பான். இதை நினைத்து ஆரம்பத்தில் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தடவை அளப்பேன். போகப் போகப் பழகிவிட்டது.

எங்களுக்குப் பழகாதது ஒன்றுதான். அதைச் சுமத்ரா என்போம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுமத்ரா தீவிலிருந்து கிளம்பி, விடிகிற நேரத்தில் மேற்கே இருந்து வந்து அறைகிற புயல்காற்று. வருவது தெரியாது. கடல்மேல் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு கறுப்பு மேகம் கிடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நம் தலைமேல் இருக்கும். கூரையைப் பிய்க்கும், மரத்தைச் சாய்க்கும், பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெயில் அடிக்கும். கடல் பக்கமிருந்து இறங்குகிற விமானத்தை அது பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் சேர்த்துத் தள்ளும். ஈரத் தரையில் அப்படித் தள்ளு வாங்கினால் விமானம் எங்கே போய் நிற்கும் என்று எந்த விமானிக்கும் தெரியாது. அதனால் சுமத்ரா வருகிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், இறங்க வந்தவன் மறுபடி மேலே ஏறிவிடுவான், நாங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போம்பா கட்டடத்துக்குள், அதாவது தீயணைப்பு நிலையத்துக்குள், ஓடிவிடுவோம்.

ஜீப்பில் என்னோடு இன்னொருவன் இருந்தான். என்னைவிட இளையவன், கெப்பாலா பத்தாஸ் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் கேலிதான். மேலதிகாரி எப்படி இருமுவார், டவரில் இருக்கும் சீனர் எப்படி மூக்கால் பேசுவார், எல்லாம் செய்து காட்டுவான். அவன் மனைவி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவளுக்கு அவனுடைய கேலி சுத்தமாகப் பிடிக்காது. ஒருநாள் மின்னல் வெட்டும்போது அவன் ஓடுதளத்தில் நின்று ஆடிக் காட்டியது அவள் காதுக்கு எட்டிவிட்டது. ஷிப்ட் முடிந்த கையோடு நேரே நாங்கள் தங்கும் கொட்டகைக்கு, எங்கள் பொண்டோக்குக்கு, வந்து, எல்லார் முன்னாலும் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"அண்ணே, இது சொன்னா கேக்காதுண்ணே. வெளையாட்டுப் புத்தி. ஒரு நாளைக்கு இதாலயே சாவப் போவுது. நீங்கதான் பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "பாத்தீங்களாண்ணே, மீடியம் அடிதான். பூவர் வரல" என்றான். சிரிக்காமல் என்ன செய்வது?

இனி வானிலை அறையில் இருந்த பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வாலிப வயதில் மலாயாவுக்கு வந்தவர். கோலாலம்பூரில் பல காலம் இருந்துவிட்டு, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்களிடம் மாற்றலாகி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று. டெலிபோனை எடுத்தால் பொரிந்து தள்ளுகிற இங்கிலீஷ். எங்கள் பொண்டோக்குக்கும் அவர் அறைக்கும் ஒரு நேரடி டெலிபோன் இருந்தது. டவருக்கு முறைப்படி தகவல் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, வானத்தில் என்ன தெரிகிறது என்று அவர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் அவர் இங்கிலீஷில் சொல்வதில் பாதி எங்களுக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் ரோஷம் விடாது.

என் கூட்டாளிதான் ஒருநாள் கேட்டேவிட்டான். "ஐயா, நீங்களும் தமிழன், நாங்களும் தமிழன். நடுவுல வெள்ளைக்காரன் எதுக்குய்யா?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். டெலிபோனிலேயே சிரித்தார். "சரி தம்பி, இனித் தமிழிலேயே கதைப்பம்" என்றார். அன்றிலிருந்து எங்களோடு தமிழில்தான் பேசினார். அவர் பேச்சை என் கூட்டாளி செய்து காட்ட ஆரம்பித்தான். "ஓம் தம்பி, மழை விட்டிட்டுது தம்பி" என்று அவன் குரலை இழுத்தால் போம்பா ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலை, முதல் விமானம் கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. விடியும் முன்னே நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. தீவையும் அக்கரையையும் சேர்க்கிற பாலத்துக்குக் கடலில் தூண் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையின் சத்தம்கூட அன்றைக்குக் கேட்கவில்லை. காற்று அசையவில்லை. டவரிலிருந்து ரேடியோவில், ஓடுதளத்தின் கடல் முனையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நான் ஜீப்பில் ஏறி இன்ஜினைக் கிளப்பினேன். பொண்டோக்குக்குள் டெலிபோன் அடித்தது. கூட்டாளி ஓடிப்போய் எடுத்தான்.

மழை பெய்தால் அந்த டெலிபோன் கொரகொரக்கும். கம்பிக்குள் எங்கேயோ தண்ணீர் இறங்கியிருந்தது. அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவது எனக்குக் கேட்டது. "ஐயா, சத்தமா பேசுங்க! வெளிய எப்படிய்யா இருக்கு? ரன்வேல எறங்கலாமா?"

பிறகு போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து ஏறினான்.

"என்னடா சொன்னாரு?"

"கச்சாங்காம்ணே! ரெண்டு தடவ சொல்றாரு, கச்சாங் தம்பி, கச்சாங்னு. பெரியவரு நம்ம பாஷையில பேசக் கத்துக்கிட்டாரு. சீக்கிரம் போலாம், காடிய எடுங்க."

கச்சாங் என்றால் மலாயில் கடலை. எங்கள் பக்கம் ரொம்பச் சுலபமான வேலையைக் கச்சாங் என்போம். பரீட்சை எப்படி என்று பிள்ளையைக் கேட்டால், கச்சாங் லா என்று சொல்லும். கடலை கொறிக்கிற மாதிரி, ஒன்றும் கவலையில்லை என்று அர்த்தம். இங்கிலீஷில் பொரிந்துகொண்டிருந்த மனிதர் வாயில் அந்த வார்த்தை வந்ததே என்று எனக்கும் சிரிப்பு வந்தது. ஜீப்பை விரட்டினேன்.

கடல் முனையில் தண்ணீர் பரவலாகத் தேங்கி நின்றது. அவன் அளவுகோலை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, அவன் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தேன். அவன் குனிந்து அளந்தான். அப்போது, ஓடுதள ஓரத்தில் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த, காற்றின் திசை காட்டும் துணிப் பை படாரென்று விறைத்து நின்றது. அடுத்த நொடி கம்பத்தோடு முறிந்து போனது.

மேற்கே திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் எப்போதும் தெரிகிற மலை இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. அது எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

ஜீப் கதவை என் கையிலிருந்து பிடுங்கிக் காற்று திருப்பி என் தோளில் அடித்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மழை மேலேயிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து வந்து முகத்தில் சரளைக்கல்லாக அறைந்தது. ரேடியோவில் டவர் ஏதோ அலறியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. கூட்டாளியைக் காற்று தூக்கிப் போட்டு உருட்டியது. அவன் கையை ஊன்றி எழுந்தான். நெற்றியில் ரத்தம். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, வாய்க்குள் போகிற மழையைத் துப்பிக்கொண்டு, "அண்ணே! இதுவா கச்சாங்கு!" என்று கத்தினான். சிரித்தான் என்று சத்தியம் செய்வேன்.

"ஓடி வாடா நாயே!" என்று நான் கத்தினேன்.

ஓடி வந்தான். வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடி வந்தான். அப்போதுதான் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்தேன். யாரோ பணக்காரர் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த ரெண்டு பேர் உட்காருகிற விமானம். நிறுத்துமிடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கயிறு அறுந்துவிட்டது. காற்று அதைத் தூக்கி, இறக்கை தரையில் இடிக்க இடிக்க, குட்டிக்கரணம் போட வைத்து எங்கள் பக்கம் விரட்டிக்கொண்டு வந்தது. நான் கையை ஆட்டினேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் வந்ததை அவன் பார்க்கவேயில்லை. ஒடிந்த இறக்கை அவன் இடுப்பில் அடித்து, அவனையும் சேர்த்து ஓடுதளத்தின் நடுவில் போட்டு அமுக்கியது.

அவனிடம் ஓடத்தான் திரும்பினேன். அதற்குள் கடல் பக்கம் மழைக்குள்ளே இரண்டு விளக்குகள் தெரிந்தன. கோலாலம்பூர் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவைப் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ரன்வே பிளாக்ட்! ரன்வே பிளாக்ட்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. சக்கரங்களும் வயிறும் தலைக்கு மேலே அத்தனை பெரிதாகத் தெரிந்தன. இன்ஜின் சத்தத்தில் ஜீப்பே நடுங்கியது. பிறகு அது மூக்கைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு மேகத்துக்குள் ஏறிப் போய்விட்டது. அதில் இருந்த அத்தனை பேரும் கோலாலம்பூருக்கே திரும்பிப் போய்ப் பசியாறியிருப்பார்கள்.

ஒரு கையால் அந்த இறக்கையை நான் தூக்க முயன்றேன். அசையவில்லை. அவன் கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. அவனைச் சுற்றித் தேங்கி நின்ற தண்ணீர் சிவப்பாகிக்கொண்டே போனது. "டேய், இருடா. இருடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். போம்பா ஆட்கள் வந்து இறக்கையை அறுத்து அவனை எடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெயில் வந்துவிட்டது. அந்த வெயிலைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை.

ஆம்புலன்சில் இடமில்லை என்றார்கள். நான் நேரே வானிலை அறைக்கு நடந்தேன். தோள் தொங்கியது, உடம்பெல்லாம் அவன் ரத்தம். பெரியவர் ஜன்னல் ஓரம் டெலிபோனைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். நல்ல கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன்.

"எதுக்குய்யா கச்சாங்குன்னு சொன்ன? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அவ்வளவு பெரிய சுமத்ரா வருது, கச்சாங்குன்னு சொல்லி அனுப்புறியே, மனுசனாய்யா நீ?"

"ஓம் தம்பி, கச்சான் எண்டுதானே சொன்னனான். ஓடி உள்ள வாங்கோ எண்டு கத்தினனான். அவர் போனை வச்சிட்டார்."

"கடலைக்கும் காத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அவர் முழித்தார். "கச்சான் எண்டால் மேல்காத்து, தம்பி. மேற்கால வாற காத்து. எங்கட ஊரிலே அப்பிடித்தான் சொல்லுறது. அந்தர அவசரத்திலே வேற சொல்லு வாயிலே வரேல்லை. கடலைக்கும் அதுதான் பேர், காத்துக்கும் அதுதான் பேர்..."

கடைசியில் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஓங்கி முகத்தில் ஒன்று விட்டேன். கண்ணாடி தெறித்து உடைந்தது, உதடு கிழிந்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. இன்னொன்று விடுவதற்குள் ஆட்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஓர் அடிக்காக நான் ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை. அந்த நேரத்தில் காற்றை அடிக்க முடியாது, யாரையாவது அடித்தே ஆக வேண்டியிருந்தது.

ஆனால் என்னை இழுத்துக்கொண்டு போகும்போதே மண்டைக்குள் விஷயம் இறங்கிவிட்டது. அவர் சொல்லியிருக்கிறார். சரியான நேரத்தில், சரியான காற்றைச் சொல்லியிருக்கிறார். தமிழில் பேசுங்கள் என்று கேட்டோம், அவர் தமிழில்தான் சொன்னார். அந்தத் தமிழ் எங்களிடம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான். அறுவை அறைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே என்றார்கள். நடைபாதையில் போம்பா ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பெரியவரும் அங்கே வந்திருந்தார். உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் மனைவி தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தாள். தலையில் வலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அலறியவள் அப்படியே நின்று, "எப்படிண்ணே?" என்று என்னைக் கேட்டாள். "காத்து வருதுன்னு யாருமே சொல்லலையா?"

பின்னாலிருந்து ஒரு தடியன், போம்பாவில் வேலை செய்பவன்தான், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சொன்னாங்களாம் அக்கா. போன் பண்ணிச் சொல்லியும் இவங்க கேக்காமப் போய்ட்டாங்களாம்" என்றான்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. "சொல்லியுமா?" என்றாள். "சொல்லியுமா போச்சு? நான் ஆயிரம் தடவ சொன்னேனே! வெளையாட்டு வேணாம் வேணாம்னு சொன்னேனே! வெளையாடியே செத்தியாடா பாவி? ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு வெளையாடப் போனியா?" என்று சொல்லிக்கொண்டே தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். மோதிய இடத்தில் சுவரில் ரத்தம் ஒட்டியது. தாதிகள் பிடித்தும் அடங்கவில்லை. செத்துப் போனவனை அவள் அப்படித் திட்டியதை என்னால் தாங்கவே முடியவில்லை.

பெரியவர் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பிள்ளை, ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். "வெதர் ஆபீசிலே நான்தான் இருந்தனான். நான்தான் சொல்லோணும். சொல்லேல்லை. மறந்துபோனன். உன்ரை புருசனிலே ஒரு பிழையும் இல்லை."

அவள் மோதுவதை நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து காலிலிருந்த செருப்பைக் கழற்றி, நான் அடித்த அதே கன்னத்தில் அறைந்தாள். கிழிந்த உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவள் மறுபடி ஓங்கினாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எதுக்குண்ணே புடிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "இந்தாளுக்காகவா புடிக்கிறீங்க? சொல்லுங்க! எதுக்குப் புடிக்கிறீங்க?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் சொன்னாரம்மா, உன் புருஷன் காதில்தான் கடலையாக விழுந்தது என்று. பெரியவர் என்னைப் பார்த்து இல்லை என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"விடுங்கோ தம்பி" என்றார். "அவ அடிக்கட்டும்."

நான் அவள் கையை விட்டேன்.